எலும்பு மேசையில் என் மகள்

1

போன வியாழக்கிழமை மாலை நான் ஒரே ஒரு கேள்வி கேட்டு ஒரு மியூசியத்தையே குழப்பிவிட்டேன். "இங்கே தெற்கு எந்தப் பக்கம்?" இதுதான் கேள்வி. இதற்கு இத்தனை பெரிய கலாட்டா ஆகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கலாட்டா அடங்கிய பிறகுதான் என் மகள் பல மாதங்களாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை என்னிடம் சொன்னாள். ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்து ஆள். கடைமடை. எங்களுக்குக் காவிரித் தண்ணீர் வந்தால்தான் வந்தது. இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து முப்பது வருடம் ஆகப்போகிறது. தெருவுக்கு அடியில் போகும் தண்ணீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடும் வேலை பார்த்து, இப்போது ஓய்வு. மனைவி வசந்தா திருவையாற்றுப் பெண். ஒரே மகள் கயல்விழி இங்கேயே பிறந்தவள். இந்த நகரத்தின் இயற்கை வரலாற்று மியூசியத்தில் வேலை. வருகிறவர்களுக்குத் திமிங்கிலத்தையும் டைனோசரையும் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறாள். மியூசியத்துக்கு அருகிலேயே தனியாக வீடு எடுத்துக்கொண்டு இருக்கிறாள்.

வசந்தா போன ஆவணியில் இறந்துபோனாள். அடுத்த மாதம் வருடத் திவசம். அவளுடைய சாம்பல் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்த் திருவையாற்றில் கரைக்க வேண்டும் என்பதைத் தவிர இந்த ஒரு வருடத்தில் எனக்கு வேறு எண்ணமே இல்லை.

2

இங்கே சாம்பலை நாடு விட்டு நாடு கொண்டுபோவது, நம் ஊரில் பட்டா மாற்றுவதற்குச் சற்றும் குறைந்த வேலை இல்லை. தகன நிலையத்தின் சான்று வேண்டும். இந்தியத் தூதரகத்தின் கடிதம் வேண்டும். விமானக் கம்பெனிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில், யார் பெயரில் தகனத்துக்கு விண்ணப்பித்தோமோ அவர் கையெழுத்துப் போட வேண்டும். வசந்தா போன அன்று எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. கேட்டதற்கெல்லாம் கயல்தான் பதில் சொன்னாள், அவள்தான் கையெழுத்துப் போட்டாள். ஆகவே இப்போதும் அவள்தான் போட வேண்டும்.

அவள் போடவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. "பாக்கறேன்பா" என்பாள். "அடுத்த வாரம் வரேன்பா" என்பாள். வருவாள், சாம்பார் வைத்துத் தருவாள், துணியை மடித்து வைப்பாள், மேசைமேல் இருக்கும் காகிதத்தை மட்டும் தொடாமல் போய்விடுவாள். எனக்குக் கோபம் வந்தது. பெற்ற தாயை அலமாரியில் வைத்திருப்பது அவளுக்கு உறுத்தவே இல்லையா என்று. எங்கள் சங்கத்தில் பொங்கலுக்குக் கூடும்போதெல்லாம் நாங்கள் பேசும் பேச்சு உண்டு: இங்கே பிறந்த பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாக நம்மை விட்டு விலகிப்போகிறார்கள் என்று. அதை நானும் சொல்லத் தொடங்கியிருந்தேன்.

அந்தச் சாம்பலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகன நிலையத்தில் அதற்கு அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே தமிழில் வைத்துப் பார்த்தால் 'மிச்சம்' என்று வரும். சோறு மிச்சம், குழம்பு மிச்சம் என்பது போல. "உங்கள் மனைவியின் மிச்சத்தை எப்போது வாங்கிக்கொள்கிறீர்கள்?" என்று போனில் ஒரு பெண் மிகவும் அன்பாகக் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாவம், அவள் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறாள்.

போய் வாங்கினேன். ஒரு பிளாஸ்டிக் பெட்டி. திறந்து பார்த்தால் சலித்த மாவு மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு தூள். எரித்த பிறகு மிஞ்சும் எலும்பை இங்கே மெஷினில் போட்டு அரைத்துவிடுகிறார்கள். அது எனக்குத் தெரியாது. கையில் ஒரு மண்கலயம்கூட வைத்திருந்தேன், இந்திய மளிகைக் கடையில் பொங்கலுக்கு விற்றது. கலயத்தை அப்படியே காருக்குள் விட்டுவிட்டுப் பெட்டியோடு வீட்டுக்குள் வந்தேன்.

என் அப்பா இறந்தபோது நான் லீவில் ஊரில் இருந்தேன். மறுநாள் காலை நானும் தம்பி குமாரும் காடாற்றுக்குப் போனோம். தண்ணீர் தெளித்துச் சூடு ஆற்றி, பால் தெளித்து, எலும்பு பொறுக்கினோம். காலில்தான் தொடங்க வேண்டும். பாதம், முழங்கால், இடுப்பு, விலா, கை, கடைசியில் தலை. வாழையிலையில் தெற்கே தலை வைத்து ஆள் உருவமாக அடுக்கினோம். கடைசி எலும்பை வைத்தபோது அப்பா படுத்திருப்பது போலவே இருந்தது. "அப்பா இவ்வளவு உயரமாண்ணே?" என்று குமார் கேட்டான். அதன் பிறகு கலயத்தில் போட்டுக் கோடியக்கரைக்குக் கொண்டுபோய்க் கடலில் கரைத்தோம். அப்பா போய்விட்டார் என்பது எனக்கு மனதில் இறங்கியது அந்தக் காலை நேரத்தில்தான். வசந்தாவுக்கு அப்படி ஒரு காலை எனக்கு அமையவில்லை.

3

"வியாழக்கிழமை மியூசியத்துக்கு வாங்கப்பா. உங்களுக்கு ஒரு டிக்கெட் எடுத்து வெச்சிருக்கேன்" என்று கயல் கூப்பிட்டாள். மியூசியத்தைப் பூட்டிய பிறகு பெரியவர்களுக்கு மட்டும் நடக்கும் நிகழ்ச்சியாம். ஒரு மர்மத்தை அறிவியலை வைத்துத் துப்புத் துலக்க வேண்டுமாம். கையெழுத்தைப் பற்றி நேரில் கேட்டுவிடலாம் என்றுதான் கிளம்பினேன். காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இங்கே கோடையில் சாயங்காலம் என்பது சாமானியமாக முடியாது. ஏழு மணிக்கு நல்ல வெயில். பள்ளிப் பிள்ளைகளின் கூச்சல் இல்லாத மியூசியம் நம் ஊர்க் கோயில் நடை சாத்திய பிறகு இருக்குமே, அப்படி இருந்தது. கூரையிலிருந்து தொங்கும் திமிங்கில எலும்புக்கூட்டின் கீழே கையில் மதுக் கோப்பையோடு நூறு பேர் நின்றார்கள். நான் ஆரஞ்சுச் சாறு வாங்கிக்கொண்டேன்.

கதை இதுதான். முன்னொரு காலத்தில் இந்த மியூசியத்துக்காகப் பறவை பிடிக்கப் போன ஒருவர் காணாமல் போய்விட்டார். அவருடைய இரும்புப் பெட்டி இப்போதுதான் கிடைத்திருக்கிறது. உள்ளே எலும்புகள். அது அவர்தானா, எப்படி இறந்தார், யார் காரணம்? எல்லாம் கற்பனைதான். குழுவாகப் பிரிந்து, பூச்சி மேசை, விதை மேசை, எலும்பு மேசை என்று சுற்றிவந்து கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் குழுவில் நானும், மார்கரெட் என்று ஒரு ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் அம்மாளும், புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடியும். அந்த ஜோடி எங்களைப் பார்ப்பதைவிட ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதுதான் அதிகம்.

பூச்சி மேசையில் நான் வாயே திறக்கவில்லை. விதை மேசையில் கொஞ்சம் துணிச்சல் வந்தது. இறந்தவரின் காலுறையில் ஒட்டியிருந்த விதையை மைக்ராஸ்கோப்பில் காட்டினார்கள். நடவு வயலில் பிறந்தவன் அல்லவா, "இது கோரை" என்று அடித்துச் சொன்னேன். மார்கரெட் நம்பி அதையே எழுதினார். அது கோரை இல்லை. இந்த ஊர் ரயில் தண்டவாளத்து ஓரத்தில் முளைக்கும் ஏதோ ஒரு களை. எங்கள் குழுவுக்கு ஒரு மதிப்பெண் போயிற்று. "பரவாயில்லை, நானும் வழி தவறிப் பஸ் ஓட்டியிருக்கிறேன்" என்றார் மார்கரெட்.

எலும்பு மேசையில் கயல் நின்றுகொண்டிருந்தாள். பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. கூந்தலைத் தூக்கிக் கட்டி, கழுத்தில் அடையாள அட்டை போட்டு, இரண்டு கையையும் மேசையில் ஊன்றி நிற்கிறாள். அந்தக் காலத்தில் ஊர் ரேஷன் கடைக் கூட்டத்தில் வசந்தா நின்றது அப்படித்தான். அன்றைக்குக் கயல் என்னைத் தெரிந்தவள் மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. மற்றவர்களுக்குச் சொன்னது போலவே எனக்கும் சொன்னாள்: "இவை பிளாஸ்டர் மாதிரிகள். கறுப்புத் துணியில் மனித வடிவத்தில் அடுக்குங்கள். எது குறைகிறது என்று கண்டுபிடியுங்கள்."

4

மற்ற மூன்று பேரும் மண்டையோட்டைத் தேடினார்கள். இங்கே எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குவார்களாம். என் கை பாதத்து எலும்பைத்தான் எடுத்தது. நான் யோசித்து எடுக்கவில்லை. எடுத்தேன், துணியின் ஓரத்தில் வைத்தேன், அடுத்ததைத் தேடினேன். பிறகு சட்டென்று ஒரு சந்தேகம். தலை எந்தப் பக்கம் வரும்?

"இங்கே தெற்கு எந்தப் பக்கம்?" என்று மார்கரெட்டிடம் கேட்டேன்.

அவர் கண்கள் விரிந்தன. அது ஒரு துப்பு என்று நினைத்துவிட்டார். போனை எடுத்துத் திசைகாட்டியைத் திறந்தார். பக்கத்துக் குழுக்காரர் ஒருவர் ஒட்டுக் கேட்டுவிட்டு அவரும் போனை எடுத்தார். சிறிது நேரத்தில் மூன்று குழுக்கள் கறுப்புத் துணியைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தன. ஒருவர் "சூரிய ஒளி எந்தக் கோணத்தில் விழுந்தது என்று பார்க்க வேண்டும்" என்று விளக்கம்கூடக் கொடுத்தார். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு அம்மாள், இறந்தவர் இரும்புப் பெட்டிக்குள் எந்தத் திசையில் படுத்திருந்தார் என்று அதிகாரபூர்வமாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார். மியூசியத்தின் பெரிய அதிகாரி கயலைப் பார்த்தார். கயல் என்னைப் பார்த்தாள்.

நான் அதற்குள் இடுப்பு வரை வந்துவிட்டேன். கை நிற்கவில்லை. விலா ஒவ்வொன்றாக, வலமும் இடமும். தோள், முழங்கை, விரல். அது பிளாஸ்டர் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு ஆளே இருந்ததில்லை என்றும் தெரியும். ஆனாலும் கண்ணில் நீர் வந்துவிட்டது. தெற்கே மண்டையோட்டை வைத்த பிறகு பக்கத்தில் கையை நீட்டி எதையோ தேடினேன். பாலைத்தான் தேடியிருக்கிறேன். கையில் அகப்பட்டது ஆரஞ்சுச் சாறு. நல்லவேளை, ஊற்றவில்லை.

"அப்பா" என்று கயல் தமிழில் கூப்பிட்டாள். "என்னப்பா பண்றீங்க?"

அவள் மற்ற குழுக்களிடம் போய், திசை ஒரு துப்பு இல்லை, தன் தவறு என்று சொல்லிச் சமாளித்தாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே துணியை நேராக்கினார்கள். மார்கரெட் மட்டும் சிரிக்கவில்லை. என் முதுகில் லேசாகத் தட்டிவிட்டுப் போய்விட்டார். கடைசியில் கொலையாளி யார் என்று அறிவித்தார்கள். பறவைகளைப் பாடம் செய்யப் பயன்படுத்தும் நஞ்சை அவருடைய உதவியாளரே காப்பியில் கலந்துவிட்டாராம். எங்கள் குழு கடைசி இடம்.

5

எல்லோரும் போன பிறகு திமிங்கிலத்தின் கீழே இருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம். ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. காலிலிருந்து ஏன் தொடங்கினேன், தெற்கு ஏன் வேண்டும், அப்பாவுக்கு நானும் குமாரும் என்ன செய்தோம், எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ அம்மாவைத் தூளாக் கொடுத்தப்போ உங்களுக்கு எப்படிப்பா இருந்துது?"

"பொறுக்கறதுக்கு ஒண்ணும் இல்லையேன்னு இருந்துது."

"அவங்க கேட்டாங்கப்பா. அரைக்கணுமா, அப்படியே வேணுமான்னு கேட்டாங்க. எல்லாருக்கும் கொடுக்கற மாதிரியே கொடுங்கன்னு நான்தான் சொன்னேன்." அவள் அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றினாள். "எனக்குத் தெரியாதுப்பா. யாரும் சொல்லலையே."

"நீ என்னம்மா பண்ணுவ? அன்னைக்கு உன்னைத் தவிர யாருக்கு அங்க பேச வாய் வந்துது?" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். "அதான் ஆத்துலயாவது சேர்த்துடலாம்னு பாக்கறேன். கடைமடை வரைக்கும் தண்ணி வந்துடுச்சாம், சித்தப்பா சொன்னான். விதைப்பே முடிஞ்சுதாம். கையெழுத்தைப் போடும்மா."

அவள் காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க திரும்பி வருவீங்களாப்பா?"

நான் பேனாவைத் தேடிப் பையைத் துழாவினேன்.

"குளிர் கோட்டைக் கீழ் வீட்டுக்காரருக்குக் கொடுத்துட்டீங்க. இந்த வருஷம் பால்கனியில மிளகாய்ச் செடி வைக்கல. டாக்டர்கிட்ட மாத்திரையை மொத்தமா எழுதித் தரச் சொல்லியிருக்கீங்க. சித்தப்பாகிட்ட பாத்ரூம் கட்டறதைப் பத்திப் பேசினீங்க, தரையில வழுக்காத கல்லு போடச் சொல்லி. நான் அடுப்படியிலதான் நின்னேன்."

"இதெல்லாம் ஒரு சாட்சியா?"

"இதைவிடக் கம்மியா வெச்சுக்கிட்டுதான்பா டைனோசர் என்ன தின்னுச்சுன்னு நாங்க சொல்றோம்."

சிரிப்பு வந்தது, அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது. அவள் கண்டுபிடித்தது அத்தனையும் உண்மை. வசந்தாவைக் கரைத்துவிட்டு அங்கேயே இருந்துவிடுவது என்று நான் சித்திரையிலேயே முடிவு செய்துவிட்டேன். போய்ச் சேர்ந்த பிறகு போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவளுக்கு அவளுடைய வேலை, அவளுடைய நண்பர்கள். அப்பா இல்லாதது அவளுக்கு ஒரு குறையாகவே இருக்காது என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். பிள்ளைகள் விலகிப்போகிறார்கள் என்று சங்கத்தில் உட்கார்ந்து பேசினேனே, இவள் எங்கே போனாள்? பிறந்த ஊரிலேயே, மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கிறாள். முப்பது வருடத்துக்கு முன்பும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியவன் நான். இப்போதும் நான்தான் கிளம்புகிறேன்.

"நான் போக வேணாம்னு சொல்லலப்பா," என்றாள். "அது உங்க ஊரு. ஆனா என்கிட்ட சொல்லிட்டுப் போங்க. அப்புறம் அம்மாவை முழுசாக் கொண்டுபோகாதீங்க. ரெண்டு பேரும் போயிட்டா எனக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா? பாதி எனக்கு வேணும்."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் இதைச் சொன்னாள். நான் என்ன பதில் சொன்னாலும் மாறாதபடி முதலில் போட்டுவிட்டாள்.

6

மறுநாள் குமாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். வயலில் இருந்தான். மோட்டார் சத்தம் கேட்டது.

"பாதியை வீட்டுல வெச்சுக்கறதா? அப்படி ஒரு வழக்கமே இல்லையேண்ணே. ஐயர் கேட்டா என்ன சொல்றது?"

"கொண்டுவந்தது இவ்வளவுதான்னு சொல்லு."

"அண்ணி ஒத்துக்குவாங்களா?"

கயல் கேட்டு வசந்தா எதை இல்லை என்றாள்? அதைத்தான் குமாரிடம் சொன்னேன். "சரிண்ணே. பாத்ரூமைக் கட்டட்டுமா, வேணாமா?" என்றான். கட்டச் சொன்னேன். வந்துபோகவாவது வேண்டுமே. பொங்கல் முடிந்து இங்கே திரும்புவதற்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு எங்கே இருப்பேன் என்பது எனக்கே தெரியாது. ஆனால் எங்கே போனாலும் கயலிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் கயல் வந்தாள். குளித்துவிட்டு, வசந்தாவின் பழைய பருத்திப் புடவையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். கொசுவம் முன்னுக்குப் பின்னாக இருந்தது, நான் ஒன்றும் சொல்லவில்லை. தஞ்சாவூர் கீழவாசலில் வசந்தா வாங்கிய எவர்சில்வர் சம்படம் ஒன்றைத் துடைத்து வைத்தோம். மேசையில் வாழையிலை போட்டேன், கடையில் வாங்கிய உறைந்த இலைதான். பெட்டியைத் திறந்தேன். கயல் தன் பையிலிருந்து ரப்பர் கையுறையை எடுத்து மாட்டினாள். வேலையில் பழக்கம் அது.

"வேணாம்மா," என்றேன். "அம்மாதானே."

அவள் என்னைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கையையும் சேர்த்து உள்ளே விட்டாள். அள்ளினாள். அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சம்படத்தில் போட்டாள். நான் ஒரு கை, அவள் ஒரு கை என்று அள்ளினோம். யாருக்கு எவ்வளவு என்று இருவருமே பார்க்கவில்லை. கொஞ்சம் பாலை எடுத்து இலையில் சிந்தியிருந்ததன் மேல் தெளித்தேன். அவளும் தெளித்தாள்.

முடிந்ததும் இரண்டு பேர் கையும் மணிக்கட்டு வரை வெளுத்திருந்தது. அடுப்படிக் குழாயடிக்குப் போய் நின்றோம்.

"கழுவணுமாப்பா?"

"கழுவணும். ஊர்ல இருந்தா தலைக்கே தண்ணி ஊத்திக்கணும்."

"சரி," என்றாள்.

குழாய் அவள் பக்கம்தான் இருந்தது. அவள் திறக்கவில்லை. நானும் திறக்கச் சொல்லவில்லை.